தங்கன் துரை எடுத்த வெற்றிலை

வேண்டாம் தம்பி. சோறு குடுங்க, சுருட்டு குடுங்க, கள்ளு இருந்தா அதையும் குடுங்க. எதையும் வேண்டாம்னு சொல்ற ஆள் இல்லை நான். வெற்றிலையை மட்டும் என் முன்னால நீட்டாதீங்க. அதை மடியிலேயே கட்டி வச்சுக்குங்க, கோவிச்சுக்காதீங்க.

பேரு காத்தமுத்துன்னுதானே சொன்னீங்க? என்னைப் படகுல ஏத்திக் கொண்டு வரச் சொல்லி கப்பல்காரன் அனுப்பியிருக்கான், தெரியும். இதோ பாருங்க, பெட்டி கட்டித் தயாரா இருக்கு. தை மாசக் காத்து திரும்பியாச்சு. இன்னைக்குத் தரங்கம்பாடியில பாய் விரிச்சா நேரா டென்மார்க்கு, அங்கேர்ந்து இன்னொரு கப்பல் பிடிச்சா எங்க ஊரு ஸ்காட்லாந்து. இந்தத் தடவை போறது நிச்சயம். கிளம்பறதுக்கு முன்னாடி கப்பல்ல ஒரு பீரங்கி போடுவாங்க, அது கேட்டதும் எழுந்திரிப்போம். அதுவரைக்கும் இந்தப் படியில உட்காருங்க. வெற்றிலை ஏன் வேண்டாம்னு சொல்லிடறேன். சொல்லாம விட்டா வெள்ளைக்காரனுக்குத் திமிருன்னு குப்பத்துல போய்ச் சொல்லுவீங்க.

என் பேரு டங்கன் கின்னெயர். அது உங்க ஊர் வாயில நுழையல. தங்கன் துரைன்னு ஆக்கிட்டாங்க. சரி, டங்கனா இருந்து நான் சாதிச்சது ஒண்ணும் இல்லை, தங்கனா இருந்துட்டுப் போறேன்.

எங்க ஊர்ல மழை பெய்யாத நாள்தான் திருநாள். இங்க நீங்க குதிரைக்கு வைக்கிற மாதிரி ஒரு தானியம், அதை நாங்க கஞ்சி காய்ச்சிக் குடிப்போம். எங்க அப்பாவுக்கு நான் கடைசிப் பிள்ளை. நிலமெல்லாம் மூத்தவனுக்கு, ஆடெல்லாம் நடுவுள்ளவனுக்கு, கத்தி மட்டும் எனக்குன்னார். அந்தக் கத்தியிலயும் பாதி துரு. மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே ஸ்வீடன் ராஜா படையில சேர்ந்தேன். ஏன் சேர்ந்தேன்னு கேக்கறீங்களா? துறைமுகத்துல ஒருத்தன் ஒரு குவளையை நீட்டினான், வாங்கிக் குடிச்சேன். குடிச்ச பிறகுதான் சொன்னான், இதைக் குடிச்சவன் பட்டாளத்துல சேர்ந்தவன்னு. அப்புறம் போலந்துக்காரன் என்னைச் சிறை பிடிச்சான். பசிக்குதான்னு கேட்டு ரொட்டி நீட்டினான், வாங்கித் தின்னேன். மறுநாள் அவன் படையில இருந்தேன். அடுத்தது மாஸ்கோ, அங்க குளிருக்கு ஒரு கம்பளி நீட்டினாங்க. அப்புறம் டென்மார்க்கு. நீட்டினதை எல்லாம் வாங்கிக்கிட்டே போனதுல அஞ்சு பாஷை வந்துது. அஞ்சு பாஷை தெரிஞ்ச சிப்பாய்னா அவன் தூதன் ஆயிடுவான் தம்பி. அறிவு இருக்கான்னு யாரும் பார்க்கறதில்லை.

இப்படித்தான் டென்மார்க்காரன் என்னைக் கப்பல்ல ஏத்தி இந்தக் கோட்டைக்கு அனுப்பினான். வந்த இடத்துல சவரியாயியைக் கல்யாணம் பண்ணினேன். நாகப்பட்டினத்துக்காரி, வேதக்காரக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போறவங்க. எனக்குத் தமிழ் வந்தது அவள்கிட்ட திட்டு வாங்கி வாங்கித்தான். அதனால திட்டுற தமிழ் எனக்கு நல்லாவே வரும். கோட்டை வாசலுக்கு நேர் உள்ளே, நீங்க இப்ப உட்கார்ந்திருக்கிற இந்த வீடுதான் எங்க வீடு.

ஒரு வருஷம் எங்க கவர்னருக்கு ஏழரைச் சனி பிடிச்சுது. பட்டுப் புடவை ஏத்திக்கிட்டு வந்த ஒரு படகைத் துறைமுகத்துல மடக்கிட்டான். அது யார் படகுன்னு நினைக்கறீங்க? தஞ்சாவூர் தளவாய் திம்மப்ப நாயக்கரோட மருமகப் பிள்ளை படகு. படைக்கே அதிபதி அவர். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான். தஞ்சாவூர்க்காரங்க உடனே பாதையை அடைச்சுட்டாங்க. அரிசி வண்டி வரலை, விறகு வரலை. கடைத்தெருவுல பூனை கூட நடமாடலை. கவர்னர் படகைத் திருப்பிக் குடுத்திருக்கலாம், ஆனா கௌரவம் தடுக்குது. தங்கனைக் கூப்பிடு, தங்கன் போய்ப் பேசட்டும்னான்.

போனேன். துபாஷி மருதப்ப பிள்ளை கூட வந்தார். பேச்சை மாத்திச் சொல்ல நல்ல கெட்டிக்கார மனுஷன். வழி நெடுக எனக்கு அரண்மனை முறையெல்லாம் சொல்லிக் குடுத்தார். இப்படிக் கும்பிடணும், அப்படி உட்காரணும், கடைசியில வெற்றிலை பாக்கு குடுப்பாங்க, குடுத்தா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம், வாங்கிக்கிட்டு வந்திரணும். மத்ததெல்லாம் மறந்து போச்சு, வெற்றிலை மட்டும் மண்டையில நின்னுது. சபை வாசலுக்கு வந்ததும் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஐயா, எனக்கே தமிழ் நல்லாத் தெரியும், நீங்க வெளியில நில்லுங்க, தூதன் துபாஷியோட போனா மதிப்பில்லைன்னு அவரை நிறுத்திட்டு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு உள்ளே போனேன். நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. அந்தத் தவளைக்காவது ஒரு பாஷைதான் தெரியும்.

உள்ளே போனா எல்லாரும் தெலுங்கு பேசறாங்க.

திரும்பிப் போய்த் துபாஷியைக் கூப்பிடலாமான்னு நினைச்சேன். வெட்கமா இருந்துது. சரி, ராஜதந்திரின்னா முகத்துல எதையும் காட்டக் கூடாதுன்னு தலையை மட்டும் ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சபை நடுவுல ஒரு தங்கத் தட்டு. அதுல ஒரே ஒரு வெற்றிலைச் சுருள். தளவாய் எழுந்து நின்னு நீளமா என்னமோ பேசினார். பேசிட்டு சுத்தி ஒரு பார்வை பார்த்தார். சுத்தி படைத் தலைவருங்க, சேர்வைக்காரங்க, பாளையக்காரங்கன்னு நிக்கறாங்க. ஒருத்தர் மீசையைப் பார்க்கறார், ஒருத்தர் கால் விரலைப் பார்க்கறார். யாரும் தட்டுகிட்ட வரலை.

நான் யோசிச்சேன். வெற்றிலை வந்துட்டுது, பேச்சு முடிஞ்சுது. விருந்தாளி முதல்ல எடுக்கட்டும்னு மரியாதைக்காக எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. நான் எழுந்து போனாத்தான் இவங்க சாப்பாட்டுக்குப் போக முடியும் போல. எனக்கும் அசுரப் பசி. எழுந்தேன், நடுவுல போனேன், சுருளை எடுத்து வாயில போட்டு மென்னு முழுங்கிட்டு நல்லாக் குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டேன்.

சபை அசந்து போச்சு. அப்புறம் எக்காளம் ஊதறாங்க. சால்வை போர்த்தறாங்க. தளவாய் இறங்கி வந்து என் தோளைத் தட்டறார். நான் நினைச்சேன், ஆகா, தங்கன், நீ வாயே திறக்காம சமாதானம் பண்ணிட்டேடான்னு. சால்வையோட வெளியில வந்து மருதப்ப பிள்ளைகிட்ட விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் தலையில கையை வச்சுக்கிட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டார்.

"துரை, கையில குடுத்தாத்தான் விடை வெற்றிலை. சபை நடுவுல தட்டுல வச்சா அது சவால். தரங்கம்பாடிக் கோட்டை வாசலைத் திறந்து விடுறவன் எவனோ அவன் எடுக்கலாம்னு வச்ச வெற்றிலை அது. பீரங்கிக்குப் பயந்து எத்தனையோ நாளா ஒருத்தனும் அதைத் தொடலை."

"துப்பிட்டா?"

"துப்பினா தலை போயிடும்."

"முழுங்கிட்டேனே, ஐயா."

"அப்ப நீங்க தஞ்சாவூர்ச் சேவகர்" அப்படின்னு சொல்லிட்டு அவர் எழுந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அது கிண்டலா மரியாதையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

சிரிங்க தம்பி, சிரிங்க. நானும் சிரிப்பேன். அன்னிக்குச் சிரிக்கலை. எஜமான் மாறுறது எனக்குப் புதுசா என்ன? சட்டை மாத்துற மாதிரி மாத்தினவன். நேத்து யாருக்காகச் சுட்டேனோ அவனையே இன்னிக்குச் சுட்டிருக்கேன், ராத்திரி நல்லாவும் தூங்கியிருக்கேன். ஆனா நான் சுட்ட கோட்டைச் சுவருக்கெல்லாம் அந்தப் பக்கம் எனக்குன்னு யாரும் இருந்ததில்லை. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சவரியாயி இருந்தா. பயந்துட்டேன் தம்பி. அதுவரைக்கும் எனக்குப் பயம்னா சாவு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

மாட்டுல ரெண்டு பீரங்கியைப் பூட்டி, ஒரு படையையும் குடுத்து என்னை அனுப்பிட்டாங்க. தளவாயே கூட வந்தார், வேடிக்கை பார்க்க. மருதப்ப பிள்ளையும் வந்தார், பேச்சை மாத்திச் சொல்ல. கோட்டைக்கு வெளியில தென்னந்தோப்புல கூடாரம் போட்டோம். அங்கேர்ந்து பார்த்தா எங்க வீட்டு அடுப்புப் புகை தெரியும். தினமும் காலையில எழுந்ததும் முதல்ல அந்தப் புகையைத்தான் பார்ப்பேன். புகை வந்தா சரி, இன்னிக்கு அவள் ஏதோ காய்ச்சறான்னு மனசு ஆறும். அப்புறம் நாள் முழுக்க எனக்கு ஒரே வேலைதான், சுடாம இருக்கிறது.

சுடறதுக்கு ஆயிரம் பேர் சொல்லித் தருவாங்க. சுடாம இருக்கிறதுக்கு என்கிட்ட வாங்க. முதல்ல மருந்து நனைஞ்சு போச்சுன்னேன். வெயில்ல காயப் போட்டுக் குடுத்துட்டாங்க. அப்புறம் சக்கரம் மணல்ல புதையுதுன்னேன். பலகை போட்டுக் குடுத்துட்டாங்க. அப்புறம்தான் ஒரு ஜோசியரைப் பிடிச்சேன். இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி, அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, அதுக்கடுத்த நாள் சூலம் வடக்கே, பீரங்கி வாயும் வடக்கே. சேர்வைக்காரங்களே அசந்துட்டாங்க, இவ்வளவு ஆசாரமான வெள்ளைக்காரனை நாங்க பார்த்ததில்லைன்னு. எங்க ஊர்ப் பாதிரி மட்டும் பார்த்திருந்தார்னா என்னைப் பீரங்கி வாயில வச்சுச் சுட்டிருப்பார். தளவாய் மட்டும் மீசைக்குள்ளே சிரிச்சுக்கிட்டே இருந்தார்.

ஒரு நாள் காலையில எழுந்து பார்த்தா வீட்டுல புகை இல்லை. உச்சி வரைக்கும் பார்த்தேன், வரலை. மறுநாளும் வரலை. அரிசி தீர்ந்து போச்சுன்னு அர்த்தம். என் மண்டையில விழுந்த அடி அது. சுட்டா சுவர் இடிஞ்சு அவள் மேல விழும், சுடாம இருந்தா பட்டினியில சாவா. இருதலைக் கொள்ளி எறும்புன்னு தமிழ்ல சொல்றீங்களே, அந்த எறும்பு நான்தான். அன்னிக்குன்னு பார்த்துத் தளவாய் வந்தார். வந்து சுத்தமான தமிழ்ல, ஆமாம், தமிழ்லதான், துரை, நாளைக்குக் காலையில நாள் நல்லா இருக்கு, நானே பார்த்துட்டேன், சுட்டுடுங்கன்னார்.

காலையில பீரங்கி பக்கத்துல எரியிற திரியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். அப்போ கோட்டை வாசல் தானாத் திறக்குது.

ஒரே ஒரு ஆள் வெளியில வர்றா. சவரியாயி. கையில ஒரு பித்தளைத் தட்டு. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, மீன் வாங்க சந்தைக்குப் போறவ மாதிரி மணல்ல நடந்து வர்றா. இந்தப் பக்கம் பீரங்கி, அந்தப் பக்கம் பீரங்கி. என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கலை. நேராத் தளவாய் முன்னால போய் நின்னா.

"ஐயா, இவரு உங்க வெற்றிலையை எடுத்தது எதுக்கு?"

"கோட்டை வாசலைத் திறந்து விட."

"வாசல் திறந்து கிடக்கு, பாருங்க. பொண்டாட்டி திறந்தா புருஷன் திறந்த மாதிரிதான். உங்க மருமகப் பிள்ளை படகையும் அவுத்து விடச் சொல்லிட்டேன், ஆத்து முகத்துல நிக்குது. உள்ளே வாங்கன்னு கூப்பிட்டா விருந்து போடணும், ஊர்ல அரிசி இல்லை. பாதையைத் திறந்து விட்டீங்கன்னா படை மொத்தத்துக்கும் இலை போடறோம்."

கவர்னர் காய்ச்சல்ல படுத்துக் கிடந்திருக்கான். காவல்காரனுங்களுக்குப் பசி. ஊர்ப் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் இவள் சாவியைக் கேட்டிருக்கா, குடுத்துட்டானுங்க. தளவாய் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், விழுந்து விழுந்து சிரிச்சார். கோட்டையைப் பிடின்னு நான் சொல்லலையே, வாசலைத் திறன்னுதானே சொன்னேன், சொன்ன வேலை முடிஞ்சுதுன்னார். அவருக்கும் வீட்டுக்குப் போகணும் போல. என்னைக் கூப்பிட்டுக் கையில வெற்றிலை குடுத்தார். இந்தத் தடவை நான் மருதப்ப பிள்ளையைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், விடை வெற்றிலைதான், தைரியமா வாங்குங்கன்னு.

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, இதெல்லாம் நான் போட்ட கணக்குதான். நான் அத்தனை நாள் இழுத்தடிச்சதுனாலதானே அவளுக்கு யோசிக்க நேரம் கிடைச்சுது? ராஜதந்திரம்னா அதுதான். காய்ச்சல் விட்டு எழுந்ததும் கவர்னரே சொன்னான், தங்கனோட சாமர்த்தியத்தால சமாதானம் ஆச்சுன்னு. இதோ இந்த வெள்ளிப்பூண் போட்ட தடி, அதுக்குக் குடுத்ததுதான். சவரியாயிக்கு என்ன குடுத்தாங்கன்னு கேக்கறீங்களா? அவளுக்கு ஒண்ணும் குடுக்கலை. இந்தத் தடியால அவள் காக்கா விரட்டுவா.

கதை முடியலை, உட்காருங்க. தளவாய்கிட்ட விடை வாங்கிக்கிட்டு நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். சவரியாயி வழியை மறிச்சுக்கிட்டு நின்னா. அந்தப் பித்தளைத் தட்டுல ஒரு வெற்றிலைச் சுருள். ரெண்டு படையும் பார்த்துக்கிட்டிருக்கு. நான் பழக்கதோஷத்துல கையை நீட்டிட்டேன். தட்டைப் பின்னால இழுத்துக்கிட்டா.

"இந்தத் தடவையாவது என்ன ஏதுன்னு கேட்டுட்டு எடுங்க."

"என்ன அர்த்தம்?"

"இந்த வீட்டு வாசல் காவல். நான் விடை குடுக்கிற வரைக்கும்."

எடுத்தேன். என் வாழ்நாள்ல அர்த்தம் தெரிஞ்சு நான் எடுத்தது அது ஒண்ணுதான்.

அதுக்கப்புறம் எத்தனையோ பேர் கூப்பிட்டாங்க. கோல்கொண்டாவுல குதிரைப் படை தர்றேன்னாங்க. சென்னப்பட்டினத்து இங்கிலீஷ்காரன் ஆள் அனுப்பினான். எல்லாருக்கும் ஒரே பதில்தான், ஏற்கெனவே ஒரு சேவகத்துல இருக்கேன், எஜமானி ரொம்பக் கண்டிப்புன்னு. சவரியாயி உள்ளேயிருந்து கேட்டுக்கிட்டே மீனைத் தேய்ப்பா.

அப்புறம் ஒரு ஐப்பசியில குளிர்காய்ச்சல் வந்துது அவளுக்கு. மழை விடவே இல்லை. பாதிரி வந்து, சாகப் போறவங்களுக்குப் பூசற எண்ணெயைப் பூசிட்டுப் போயிட்டார். மதியம் கண்ணைத் திறந்தா, நல்லாத் தெளிவா இருந்தா. தட்டைக் கொண்டாங்கன்னா. கொண்டு வந்தேன். படுத்தபடியே வெற்றிலை எடுத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடிச்சு, அவ கையாலேயே என் பக்கம் நீட்டினா. போதும், நீங்க உங்க ஊருக்குப் போங்க, இங்க யார் இருக்கா உங்களுக்குன்னா. தட்டுல வைக்கலை தம்பி. கையில குடுத்தா.

எனக்குத் தெரிஞ்சு போச்சு. குவளையை நீட்டினா குடிச்சவன், ரொட்டியை நீட்டினா தின்னவன், நீட்டினதை வேண்டாம்னு சொல்லத் தெரியாதவன் நான். அன்னிக்குக் கையை நீட்டலை. வாயில என்ன வந்துது தெரியுமா? சுண்ணாம்பு ஜாஸ்தியா இருக்குன்னேன். பாக்கு வேற முத்திப் போச்சுன்னேன். இன்னிக்கு அஷ்டமி, வெற்றிலை வாங்கறது நல்லதில்லை, நாளைக்கு வாங்கிக்கறேன்னேன். அவ சிரிச்சா. தென்னந்தோப்புல தளவாய் சிரிச்சாரே, அதே மாதிரி, எல்லாம் தெரிஞ்ச சிரிப்பு. கை அப்படியே தாழ்ந்து போச்சு. சாயங்காலம் அவ இல்லை.

அழுதேன். அதுக்கு வெட்கம் என்ன? மாஸ்கோப் பனியில ரெண்டு கால் விரல் போனப்ப அழாதவன், அவ கையிலேயே கிடந்த ஒரு வெற்றிலைச் சுருளைப் பார்த்து அழுதேன்.

இப்ப சொல்லுங்க காத்தமுத்து, நீங்களும் ஒரு படகுக்கு எஜமான், உங்களுக்குத் தெரியாத முறையா? விடை குடுத்தா மட்டும் போதுமா, வாங்கணும் இல்லை? வாங்காத விடை விடையா? துபாஷி இருந்தா கேட்டிருப்பேன், அவரும் போய்ச் சேர்ந்துட்டார். சட்டப்படி பார்த்தா நான் இன்னும் காவல்லதான் இருக்கேன். நான் என்ன பண்ணட்டும்? எனக்குப் போகக் கூடாதுன்னு இல்லை. ஊர்ல அண்ணன் பிள்ளைங்க இருக்கானுங்க, ஆடு இருக்கு, மழை இருக்கு. ஆசையாத்தான் இருக்கு. ஆனா சேவகம்னு ஒண்ணு இருக்கே.

கேட்டுதா? பீரங்கி. ஆமாம், கப்பல்தான். எழுந்திரிங்க, அலை ஏறிடுச்சுன்னா உங்களுக்குத்தான் கஷ்டம். கப்பல்காரன்கிட்ட என் வணக்கத்தைச் சொல்லுங்க. கிழவனுக்கு இன்னிக்கு நாள் சரியில்லை, வர்ற வருஷம் பார்ப்போம்னு சொன்னான்னு சொல்லுங்க. பெட்டியை உள்ளே, அந்தச் சுவரோரமா வச்சுடுங்க தம்பி. போன வருஷம் வந்தவரும் அங்கதான் வச்சுட்டுப் போனார்.